அழித்தபின் எஞ்சுவது

ஒரு பொருளை முற்றிலும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் அந்தத் தொடக்கம் தூயதாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை மனித மனத்தில் மிகப் பழமையாக வேரூன்றியது. போகியன்று விடியலுக்கு முன்னே பழம்பாயைத் தெருவில் இட்டுக் கொளுத்துகிறவனிடமும், இராமேசுவரத்துத் தீர்த்தங்களில் ஒவ்வொன்றாக நீராடி ஈர வேட்டியோடு வெளிவருகிறவனிடமும், பத்தாண்டுப் பகைக்குப் பின் தம்பி வீட்டு வாசலில் நின்று 'பழசையெல்லாம் விட்டுவிடுவோமப்பா' என்று சொல்லும் தமையனிடமும் அந்த நம்பிக்கையே குடிகொண்டிருக்கிறது. என்னிடமும் அது நெடுங்காலம் இருந்தது. அதை அசைத்தது சமய நூல் எதுவுமன்று. ஜீவனோபாயமாக நான் செய்துவரும் கம்ப்யூட்டர் வேலையில், வைகையின் வடகரையில் உள்ள என் வீட்டு மாடியறையில், ஓர் இரவு எதிர்ப்பட்ட சிறிய செய்தியொன்றே. அதன் பிறகு சைவ சித்தாந்த நூல்களை எடுத்துப் படித்தபோது, முன்பு வெறும் பரிபாஷையாகத் தோன்றிய சொற்கள் உயிர்பெற்று நிற்கக் கண்டேன்.

அந்த வேலை இன்னதென்று சொல்லியாக வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரும், கைப்பேசியும், வீதி ஓரத்துக் கேமராப் பெட்டியும் மின்சாரம் பாய்ந்தவுடன் தானாக அறிவு பெற்றுவிடுவதில்லை. முதலில் ஒரு சிறு நிரல் விழிக்கிறது. நினைவகம் எங்கே, வட்டு எங்கே, எந்த இயங்குதளத்தை எழுப்ப வேண்டும் என்று தேடிக் கண்டு, அதனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, சமஸ்கிருத நாடகத்துச் சூத்திரதாரன் முன்னுரை சொல்லி மறைவதுபோல் மறைந்துவிடுகிறது. இதற்குப் பூட்லோடர் என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப்காங் டெங்க் என்பவர் தொடங்கிவைத்த யூ-பூட் என்னும் பூட்லோடர் இன்று உலகெங்கும் எண்ணற்ற சிறு கருவிகளில் இருக்கிறது. இதைத் திருத்தி எழுதுகிறவன், ஒவ்வொரு திருத்தத்தையும் நிஜக் கருவியில் ஏற்றிப் பார்ப்பானாயின், ஒரு தவறான எழுத்தால் அக்கருவி மறுபடி எழாமலே போய்விடக்கூடும். ஆகவே நாங்கள் முதலில் மாய யந்திரம் ஒன்றில் சோதிக்கிறோம். பிரான்சு நாட்டு ஃபாப்ரிஸ் பெலார்ட் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு என்னும் எமுலேட்டர், இரும்பும் சிலிக்கனும் இல்லாத ஒரு யந்திரத்தை மற்றொரு யந்திரத்தின் சித்தத்துக்குள் கற்பித்துக் கொடுக்கிறது. உள்ளே ஓடும் நிரலுக்குத் தான் ஓடுவது கற்பித யந்திரத்தில் என்பது தெரியாது.

ஆனால் யந்திரம் கற்பிதமானாலும் அதற்கும் ஒரு பழமை உண்டு. யூ-பூட் தன் பழக்கங்களை, எத்தனை நொடி காத்திருப்பது, எந்த ஆணையால் இயங்குதளத்தை எழுப்புவது, இதுவரை எத்தனை முறை எழ முயன்றது என்பவற்றையெல்லாம், பெயரும் மதிப்புமாக எழுதி ஃபிளாஷ் நினைவில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும் அவை போவதில்லை. க்யூஎமுவின் ஏஆர்எம் யந்திரத்தில் இந்த ஃபிளாஷுக்குப் பதிலாக நாம் கொடுப்பது 64 மெகாபைட் அளவுள்ள ஒரு சாதாரணக் கோப்பு. யந்திரத்தின் பூர்வ ஜன்மம் முழுவதும் அந்த ஒரு கோப்பில் அடக்கம். அதை அழித்தால் பூர்வ ஜன்மம் அழிந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அழித்தேன், பூஜ்யங்களால் மட்டும் நிரம்பிய புத்தம்புதுக் கோப்பொன்றை அதன் இடத்தில் வைத்தேன், யந்திரத்தை எழுப்பினேன். திரையில் முதலில் வந்தது ஓர் எச்சரிக்கை: சேமித்து வைத்ததன் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, ஆகவே இயல்பான அமைப்புகளைக் கொள்கிறேன் என்று. நூறு முறை கண்ட வரிதான் அது. அன்று மட்டும் ஏனோ கை நின்றுவிட்டது. நான் கொடுத்தது சேதமுற்ற கோப்பன்று, வெறுமை. ஆனால் வெறுமையை அந்த யந்திரம் வெறுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை, பழுதென்றே கொண்டது. பழுதென்று கொண்டபின் அது சும்மா இருந்துவிடவுமில்லை. நிரலைக் கோத்து முடித்த நாளிலேயே அதன் உடம்புக்குள் பதிந்துவிட்ட இயல்பான அமைப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அதன்படியே எழுந்தது. நான் துடைத்தது பின்னால் வந்து ஒட்டியவற்றை மட்டுந்தான். கூடவே பிறந்தது துடைப்பார் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லுவது ஏறக்குறைய இதுவே. பதிமூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டே சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதத்தின் தொடக்கத்திலேயே, ஒடுங்கிய உலகம் மீளவும் தோன்றுவது மலத்தின் காரணத்தால் என்று நிறுத்துகிறார். பிரளயத்தில் அனைத்தும் ஒடுங்கிவிட்டதே, பின்னும் ஏன் ஒரு சிருஷ்டி என்று கேட்பார்க்கு அவருடைய விடை, ஒடுங்கியது உலகமே அன்றி உயிரைப் பற்றிய மலமன்று என்பதே. அம்மலத்தையும் அவர் மரபினர் மூன்றாகப் பகுத்தனர். கன்மம் செய்து சேர்த்தது, மாயை வந்து பொருந்தியது, ஆணவமோ அநாதி. செம்பில் களிம்பு போலவும், நெல்லில் உமி போலவும் அது உயிரோடு உடன் இருந்தே வருகிறது. வெளியிலிருந்து ஒரு நாள் வந்து படிந்ததன்று.

மேலூர்ப் பக்கத்து வயல்களில் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்றவர்களுக்கு இந்த நெல்லுவமையின் கூர்மை நன்றாக விளங்கும். முறத்தைச் சாய்த்து நெல்லைத் தூற்றுகிற பெண்ணின் கைக்கு முன்னே பதரும் தூசும் வைக்கோல் துணுக்கும் காற்றில் போய்விடுகின்றன. நெல் மணி பொன்னாகக் குவிகிறது. எத்தனை முறை தூற்றினாலும் உமி மட்டும் போவதில்லை. தூற்றிப் போக்கத் தக்கது வேறு, குற்றிப் போக்கத் தக்கது வேறு. பதர் போய்விட்டபடியால் அரிசி வந்துவிட்டதென்று உலையை ஏற்றும் குடும்பத்தலைவி எவளும் இல்லை. ஆயினும் நம்முள் பலர், பழக்கம் ஒன்றை விட்டுவிட்ட அன்றே, ஊரொன்றை விட்டு வேறூருக்குக் குடிபோன அன்றே, புதிய மனிதராகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். சில மாதங்களில் பழைய கோபம் புதிய வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளக் கண்டு திகைக்கிறோம். நம்முடைய இயல்பான அமைப்புக்குத் திரும்பியதைத்தான் விடுதலை என்று பெயரிட்டு அழைத்தோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

இங்கே பழைய கேள்வியொன்று குறுக்கிடுகிறது. முற்பிறப்பு வினை தொடர்ந்து வருவது உண்மையானால், அதைச் செய்த நினைவு ஏன் உடன் வருவதில்லை? நினைவில்லாதவனைத் தண்டிப்பது நியாயமா?

வினை தொடர நினைவு வேண்டியதில்லை என்பதற்கு யூ-பூட்டின் எழுச்சிக் கணக்கைக் காட்டிலும் எளிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. தொலைதூரத்தில் இருக்கும் கருவிக்குப் புதிய மென்பொருள் அனுப்புகிறோம். அதனால் கருவி எழ முடியாமல் தடுமாறினால், மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு நான்காம் முறை பழைய மென்பொருளுக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஓர் எண் ஒன்று கூடுகிறது. வரம்பைத் தாண்டினால் பாதை மாறுகிறது. சென்ற முறை என்ன நேர்ந்தது, எந்த வரியில் விழுந்தது என்னும் விவரம் யந்திரத்துக்கு அறவே கிடையாது. நினைவகம் முழுதும் ஒவ்வொரு முறையும் கலைந்துபோகிறது. எஞ்சுவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணோ அதன் கதியை நிர்ணயிக்கிறது. வாசனை என்றும் சம்ஸ்காரம் என்றும் பெரியோர் சொன்னது இத்தகைய எச்சத்தைத்தான் என்று எண்ணுகிறேன். சம்பவம் மறைந்துவிடும், அதன் சாய்வு நிற்கும்.

நான் செய்த பிழையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். சோதனை ஒவ்வொன்றும் மாசற்றதாக இருக்க வேண்டுமென்ற ஆர்வத்தால், ஒவ்வொரு எழுச்சிக்கும் முன்னே சேமிப்புக் கோப்பை அழித்துப் புதியது வைக்கும்படி எழுதியிருந்தேன். ஆகையால் கணக்கு ஒன்றைத் தாண்டவே இல்லை. பழையதற்குத் திரும்பும் பாதையில் யந்திரம் ஒரு முறையேனும் கால்வைக்கவில்லை. அந்த எண்ணைச் சேமிக்கச் சொல்லும் மாறியொன்றை அமைக்க நான் மறந்திருந்ததும் அதனால் வெளிப்படவில்லை. நாள்தோறும் 'தேறியது' என்று குறிப்பெழுதிவந்தேன். பின்பு கருவிகள் வெளியூர் சென்று, ஒரு புதுப்பிப்பு பழுதானபோது, அவை எழுவதும் விழுவதும் மறுபடி எழுவதுமாக, எண்ணிக்கையே இன்றி, இரவு முழுவதும் சுழன்றுகொண்டிருந்தன. முடிவில்லாத ஜனன மரணச் சக்கரம் என்று படித்திருந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்ட இரவு அது. கணக்கு வைக்கப்படுவது கொடுமையென்று எண்ணுகிறோம்; கணக்கு வைக்கப்படாத சுழற்சிக்கு வெளியேறும் வாயிலே இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆனால் யந்திரத்தைக் கொண்டு மனிதனின் துயரத்தை அளக்கத் துணியலாகாது. அந்த எல்லையை இம்மதுரை மாநகரே நமக்கு வகுத்துக் காட்டியிருக்கிறது. கோவலன் வெட்டுண்டு, பாண்டியன் வீழ்ந்து, நகரம் தீயில் வெந்தபின், சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்புறமாக வந்து நின்று ஒரு பழங்கதை சொல்லுகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு அரசுப் பணியில் இருந்த கோவலன், வாணிகம் செய்யவந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான்; சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர்விடும்போது இட்ட சாபமே இப்போது வந்து பலித்தது என்பது அக்கதை. கொலைக்களத்தில் நின்ற கோவலனுக்கு இதில் ஓர் எழுத்தும் தெரியாது. எச்சம் மட்டும் அவனோடு மதுரை வாயிலைக் கடந்து வந்திருந்தது.

தத்துவம் இவ்வளவில் நிறைவுற்றுவிட்டது. காரணமும் காரியமும் பொருந்திவிட்டன. ஆயினும் இளங்கோவடிகள் கண்ணகியின் வாயிலாக 'அப்படியா, மனம் ஆறினேன்' என்று ஒரு சொல்லும் வைக்கவில்லை. கணவனைக் கண்டாலன்றி இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று அவள் புறப்படுகிறாள். கொற்றவை கோயில் வாயிலில் வளையை உடைத்துவிட்டு, கணவனோடு கீழ்த்திசை வாயிலில் நுழைந்தவள் மேல்திசை வாயிலில் தனியாக வெளியேறுகிறாள். வைகையின் கரை வழியே இரவென்றும் பகலென்றும் அறியாமல் நடக்கிறாள். அந்த மௌனத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வினைக் கொள்கை ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளத் தக்கது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடமும், நோயில் கிடக்கும் ஏழையிடமும் போய் 'முன் செய்த வினை' என்று சொல்லுகிறவன், தத்துவத்தைக் கல்லாக்கி எறிகிறான். தெய்வமே சொன்ன போதும் ஆறாத நெஞ்சை, நாம் சொல்லி ஆற்றிவிடப் போவதில்லை.

சேமித்த நிலையில் மற்றொரு வகை உண்டு. அதைப் பற்றியும் நினைக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன கோப்பு சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வது. ஸ்னாப்ஷாட் என்பதோ ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை நட்டநடுவே நிறுத்தி, நினைவகத்தின் ஒவ்வோர் அணுவையும் உள்ளது உள்ளபடி எழுதிவைத்து, வேண்டிய நாளில் அந்தக் கணத்துக்கே திரும்பக் கொணர்வது. இதைச் செய்யும்போது எமுலேட்டர் ஒரு நியமத்தை விடாது காக்கிறது: எழுதத்தக்க நிலையில் உள்ள சேமிப்புக் கோப்பு ஸ்னாப்ஷாட் எடுக்க இடங்கொடாத வடிவில் இருந்தால், மொத்தத்தையும் மறுத்துவிடுகிறது. நினைவு நேற்றையதாகவும் சேமிப்பு இன்றையதாகவும் இருக்கும் பிளவுபட்ட யந்திரம் ஒன்றை எழுப்பச் சம்மதிப்பதில்லை. இசைந்து எடுத்ததை மீட்டாலோ, உள்ளே ஓடும் காலக்கணக்கு நிறுத்திய நொடியிலிருந்தே தொடர்கிறது. வெளியே ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும். உள்ளே ஒரு நொடியும் கழிந்திராது.

ரமண மகரிஷி சொல்லிவந்த கதையொன்று இதை அப்படியே காட்டுகிறது. கங்கைக் கரையில் தவம் செய்த யோகி ஒருவர், தாகமெடுத்துச் சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துபோனார். சில நூற்றாண்டுகள் சென்றன, அரசுகள் மாறின, சீடனும் மாண்டு மண்ணானான். யோகி கண் விழித்ததும் கேட்ட முதற்சொல், தண்ணீர் எங்கே என்பதுதான். மனம் ஒடுங்கியது, ஆனால் அழியவில்லை. ஒடுங்கிய இடத்திலிருந்த அதே தாகத்தோடு எழுந்தது. இலயம் வேறு, நாசம் வேறு என்னும் இந்தப் பாகுபாட்டை 1927-இல் இயற்றிய உபதேச உந்தியாரிலும் அவர் வற்புறுத்துகிறார்.

அவருக்கு அந்த நாசம் நிகழ்ந்த இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில், சிறிய தந்தையின் வீட்டு மாடியறையில், வேங்கடராமன் என்னும் பெயரோடு பதினாறு வயதுச் சிறுவனாக இருந்த அவரை மரண பயம் பற்றியது. அவர் ஓடவில்லை, எவரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கைகால்களை விறைத்து நீட்டிப் படுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, இந்த உடம்பு போனபின் எஞ்சுவது யார் என்று நோக்கினார். ஆகஸ்டு 29-ஆம் நாள் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அந்த அறைக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவின் இரைச்சல் கீழே தெருவில் பெருகிக்கொண்டிருந்த நாளிலும் சென்றிருக்கிறேன். அவ்விடத்தில் உட்காரும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அவர் எதையும் துடைக்க முயலவில்லை. தொடக்கத்துக்குத் திரும்பவும் முயலவில்லை. துடைக்க விரும்புகிறவன் எவன் என்றே பார்த்தார். உயிர் என்றும் உள்ளதென்று கொள்ளும் சித்தாந்திகள் இந்த வழியை முழுவதும் ஒப்ப மாட்டார்கள். அவர்களுக்கு மலம் தேய்வது சிவன் அருளாலேயே. நான் சித்தாந்தத்தின் பக்கமே சாய்ந்தவன். ஆயினும், வெறும் ஒடுக்கத்தை வீடுபேறென்று கொண்டு ஏமாறலாகாது என்பதில் இருசாராரும் ஒரே குரலாக நிற்பது எனக்குப் பெரிய ஆதாரமாக இருக்கிறது. சம்ஹாரத்தையும் சித்தாந்தம் உயிர்களின் இளைப்பை ஆற்றுவதற்காக இறைவன் அளிக்கும் ஓய்வென்றுதான் கொள்ளுகிறது, முடிவென்று சொல்லவில்லை.

எதைத் துடைக்கலாம், எதை ஏந்திச் செல்ல வேண்டும் என்பதில் நம் ஆலய மரபுக்கு இருந்த விவேகம் வியக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தின்போது, கோபுரக் கலசங்களின்மேல் விழுந்த தீர்த்தத்தைக் காண வீதியில் நின்ற பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் அதைவிட ஆழமாக மனத்தில் தங்கியது, சில ஆண்டுகளுக்குப் பின் மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க் கோயிலில், திருப்பணி தொடங்குமுன் தெய்வத்தை வேறிடத்துக்கு மாற்றிவைக்கும் பாலாலயச் சடங்கு. மூலவரின் திருமேனிக்கும், நூல் சுற்றி மாவிலையும் தேங்காயும் வைத்த செப்புக் குடத்துக்கும் இடையே ஒரு தர்ப்பைக் கயிறு. வயது முதிர்ந்த குருக்கள் மிகத் தணிந்த குரலில் மந்திரம் சொல்லித் தெய்வக் கலையைக் குடத்துக்கு ஆகர்ஷித்தார். பிறகு அந்தக் குடத்தை, பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் இரு கைகளாலும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து வெளியே வந்தார். அவர் வாசலைத் தாண்டும்வரை வெளியே காத்திருந்த ஸ்தபதி, தாண்டியபின் உள்ளே சென்று, சற்றுமுன் தெய்வமாக இருந்த கல்லின் பீடத்தில் உளியை வைத்தார். பழைய அஷ்டபந்தன மருந்து பொடிப்பொடியாகப் பெயர்ந்து விழுந்தது. குடம் பத்திரமாக இருந்தபடியால் உளிக்குத் தயக்கமில்லை.

இப்போது நான் வெற்றுக் கோப்பிலிருந்து எதையும் தொடங்குவதில்லை. வேண்டிய மாறிகளெல்லாம் அமைந்த ஒரு மூலக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். அதன் பிரதியொன்றைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இடையில் கைவைக்காமல், எத்தனை முறை விழுந்தாலும் அந்த ஒரே பிரதியின்மேல் யந்திரத்தை எழ விடுகிறேன். அவ்வாறு மாற்றி எழுதிய அன்றிரவு, வேண்டுமென்றே பழுதாக்கிய மென்பொருளை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறை விழுந்தது. இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் அதே இடத்தில் விழுந்தது. நான்காம் முறை எழுந்ததும், வரம்பு கடந்தது என்று ஒரு வரியை எழுதிவிட்டு, மாற்று ஆணையைத் தொட்டு, பழைய இயங்குதளத்தை எழுப்பத் தொடங்கிற்று. கீழே வாசலில் யாரோ தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டது, பொழுது விடிந்துகொண்டிருந்தது.